அழகுக்கு வைத்த மரம் நிலத்தை வளைத்துக்கொண்டால்: சென்னையிலிருந்து ஊர் நிலத்தைப் பராமரிப்பவர்களின் கேள்விகள்

வேலையும் வீடும் சென்னையில். நிலம் மதுராந்தகத்திலோ உத்திரமேரூரிலோ ஊத்துக்கோட்டையிலோ. மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதே பெரிது. இப்படிப்பட்ட நிலங்களில்தான் அயல் மரங்கள் சத்தமில்லாமல் பரவுகின்றன. இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் வரப்பு எங்கே இருந்தது என்றே தெரியாது. நிலம் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லியிருக்கிறேன்.

எந்தெந்த மரங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, சவுண்டல். சூபாபுல் என்றும் சொல்வார்கள். தீவனத்துக்கும் நிழலுக்கும் என்று மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியிலிருந்து கொண்டுவந்த மரம். வெள்ளைப் பந்துபோல் பூத்து, கொத்துக் கொத்தாகத் தட்டைக் காய் தொங்கும். இரண்டு, சென்னா ஸ்பெக்டாபிலிஸ் எனப்படும் அயல் மஞ்சள் கொன்றை. இது முழுக்க முழுக்க அழகுக்காக வந்தது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டையே மூடிவிட்டதால் உயர் நீதிமன்றம் வரை பேசப்பட்ட மரம் இதுதான். மூன்று, நம் பக்கத்தில் வேலிகாத்தான் என்று அழைக்கும் சீமைக் கருவேலம். இது அழகுக்காக வரவில்லை. விறகுக்காக 1877இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைத்தார்கள். ஆனாலும் உங்கள் நிலத்தில் மற்ற இரண்டோடு கலந்துதான் நிற்கும் என்பதால் சேர்த்தே பேச வேண்டும்.

இவற்றுக்கு அடுத்த வரிசையில், நர்சரிகளில் டெகோமா என்று விற்கும் மஞ்சள் மணிப்பூச் செடி, உண்ணிச்செடி, ஏரிக்குள் மண்டும் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவை வரும். உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் தோட்டத்துப் பூச்செடியாக வந்ததுதான்.

வெளிநாட்டு மரம் எல்லாமே கெடுதலா? எங்கள் தோட்டத்தில் மயில்கொன்றை இருக்கிறது, அதையும் வெட்ட வேண்டுமா?

வேண்டாம். புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கொய்யாவும் முந்திரியும் கொடுக்காப்புளியும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. இவற்றை நீக்கினால் நம் சமையலும் தோப்பும் என்ன ஆகும்? மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றையும் தென்னமெரிக்கத் தூங்குமூஞ்சியும் நட்ட இடத்தில் நிற்கின்றன. பக்கத்து வயலைப் பிடிப்பதில்லை. புயலில் கிளை முறியும் என்பது வேறு சிக்கல். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னைச் சாலைகளில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதைப் பார்த்தவர்கள் வீட்டை ஒட்டி அவற்றை வைக்க மாட்டார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டிய அடையாளம் ஒன்றே ஒன்று. தாய் மரத்திலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், ஒரே வகைக் கன்றுகள் நெருக்கமாக முளைத்திருக்கின்றனவா? அப்படியானால் அந்த மரத்தை உடனே கவனியுங்கள். இல்லையென்றால் அது எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் இருக்கட்டும். அழகுக்காக நடும் கோனோகார்பஸ் மரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். குஜராத் அரசு 2023இல் அதை நடத் தடைவிதித்ததற்குக் காரணம் மகரந்தத் தொல்லையும், வேர் குழாய்களையும் கட்டுமானங்களையும் கெடுப்பதும்தான். அது விதை பரப்பி வயலைப் பிடிக்கும் மரமாக இங்கே நடந்துகொள்வதில்லை. புதிதாக நடாதீர்கள். இருப்பதைப் பொறுமையாக அகற்றலாம்.

மஞ்சளாகப் பூக்கிறது. சரக்கொன்றையா, அந்த ஆபத்தான கொன்றையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோடாரி எடுக்கும் முன் இதைக் கட்டாயம் உறுதி செய்துகொள்ளுங்கள். நம் சொந்தச் சரக்கொன்றையை வெட்டிவிட்டு அயலானை விட்டுவைத்த தோட்டங்கள் இருக்கின்றன.

சரக்கொன்றையின் பூ, பெயருக்கு ஏற்றபடி சரமாகக் கீழ் நோக்கித் தொங்கும். இலைக்காம்பில் சிற்றிலைகள் குறைவு, ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்குப் பெரியவை. காய் கருத்த தடிபோல் நீண்டிருக்கும். சென்னா ஸ்பெக்டாபிலிஸ் பூங்கொத்து கிளை நுனியில் மேல் நோக்கி நிமிர்ந்திருக்கும். சிற்றிலைகள் சிறியவை, நுனி கூரானவை, ஒரு காம்பில் பத்து ஜோடிக்கு மேலும் இருக்கும். சாலையோரம் அதிகம் காணப்படும் இயல்வாகையும் மஞ்சளாகத்தான் பூக்கும். ஆனால் அதன் இலை புளிய இலைபோல் பொடிப்பொடியாக, காம்பிலிருந்து மீண்டும் காம்பு பிரிந்து இருக்கும். காய் தட்டையாகத் துருவின் நிறத்தில் இருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

ஆள் வைத்து மொத்தமாக வெட்டிவிட்டோம். ஆறு மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாக வந்துவிட்டதே, ஏன்?

வெட்டினது மரத்தின் மேல் பகுதியைத்தான். இந்த மூன்று மரங்களும் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதில் கெட்டிக்காரர்கள். ஒரு தண்டு இருந்த இடத்தில் எட்டு, பத்து தண்டு வரும். வேர் முழுசாக இருக்கிறது, சேமித்த உணவும் இருக்கிறது. அதனால் விதையிலிருந்து வரும் கன்றைவிடத் துளிர் பல மடங்கு வேகமாக வளரும்.

காரணத்தின் இன்னொரு பாதி மண்ணுக்குள் இருக்கிறது. சவுண்டல் காய் ஒன்றில் பத்து இருபது விதை இருக்கும். மரம் நட்ட ஓரிரு ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கி, ஆண்டில் பல முறை காய்க்கும். விதையின் தோல் தடிமனானது, தண்ணீர் எளிதில் இறங்காது. அதனால் மண்ணுக்குள் பத்தாண்டு கழித்தும் முளைக்கும் திறனோடு கிடக்கும். தாய் மரத்தை அகற்றி வெயிலை உள்ளே விட்டதும், இதற்காகவே காத்திருந்தவைபோல் எல்லாம் ஒரே மழையில் எழும். நீங்கள் பார்த்த அடர்த்தி அதுதான்.

ஆகவே வேலைக்குத் திட்டமிடும்போது வெட்டும் நாளோடு கணக்கை முடிக்காதீர்கள். கையில் இருக்கும் பணத்தில் பாதியை வெட்டுவதற்கு வைத்தால், மறுபாதியை அடுத்த மூன்று நான்கு மழைக்காலத்துக்கு எடுத்து வையுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் ஐந்து ஏக்கரில் கை வைக்காமல் ஒரு ஏக்கரை மட்டும் எடுங்கள். முழு நிலத்தையும் ஒரே மூச்சில் மொட்டையடித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புவதுதான் இந்த மரங்களுக்கு நாம் செய்யும் மிகப் பெரிய உதவி. ஒரு ஏக்கர் உண்மையாகவே சுத்தமான பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

சரி, பெரிய மரத்தை எப்படித்தான் சாகடிப்பது?

மரத்துக்கு ஏற்றபடி முறை மாறும்.

அயல் மஞ்சள் கொன்றைக்குப் பட்டை உரிப்பதுதான் சிறந்தது. கேரளக் காடுகளில் இந்த முறையைத்தான் முதன்மையாகக் கையாளுகிறார்கள். மார்பளவு உயரத்திலிருந்து, அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டரிலிருந்து, அடிவரை சுற்றிலும் பட்டையை முழுமையாக நீக்க வேண்டும். அடியில் மண்ணைச் சற்றுத் தள்ளி, வேர் பிரியும் இடத்துப் பட்டையையும் எடுக்க வேண்டும். ஒரு விரல் அகலப் பட்டை ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மரம் அதன் வழியாகப் பிழைத்துக்கொள்ளும். இலை தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்காததால் வேர் மெல்லப் பட்டினியாகி, மரம் நின்ற நிலையிலேயே காயும். ஒரு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். பொறுக்க முடியாமல் நடுவில் வெட்டிவிடாதீர்கள், வேர் உயிரோடு இருந்தால் மீண்டும் துளிர்க்கும். காய்ந்த மரம் விழும் என்பதால் வீடு, பாதை, மின்கம்பி அருகே இந்த முறை கூடாது. அங்கே கிளைகளைக் கழித்து, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கி, கட்டையைத் தோண்ட வேண்டும்.

சீமைக் கருவேலத்துக்குப் பட்டை உரிப்பது பயன்படாது, தரைக்குக் கீழிருந்து துளிர்த்துவிடும். துளிர்க்கும் கண்கள் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. கடப்பாரையால் சுற்றிலும் தோண்டி, ஒரு அடி ஆழத்தில் வேரை வெட்டி, அந்த முண்டை அப்படியே வெளியே எடுத்துத் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். அதற்குக் கீழே வேர் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. உண்ணிச்செடிக்கும் இதே முறைதான்.

சவுண்டல் இரண்டுக்கும் நடுவில். இளமரத்தைத் தோண்டி எடுங்கள். தடித்த மரமானால் தரையோடு வெட்டி, துளிர் முழங்கால் உயரம் எட்டும் முன் ஒவ்வொரு முறையும் பிய்த்தெறியுங்கள். அரிவாளால் நுனியை வெட்டினால் போதாது. துளிர் கட்டையில் ஒட்டும் இடத்தோடு பெயர்த்தெடுக்க வேண்டும். நிலத்தில் ஆள் தங்கியிருந்தால்தான் இது நடக்கும். ஒரு ஆண்டு விடாமல் செய்தால் கட்டை ஓய்ந்துபோகும்.

விரல் பருமன் கன்றுகளை மழை பெய்த மறுநாள் கையாலேயே பிடுங்கலாம். இதைவிட மலிவான வேலை இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை. ஆனால் எல்லாரும் தள்ளிப்போடுவதும் இதைத்தான்.

ஜேசிபி விட்டால் ஒரே நாளில் முடியாதா?

வேலிகாத்தான் மண்டிய நிலத்துக்கு ஜேசிபி தேவைப்படும், மறுக்கவில்லை. அந்த முள்ளுக்குள் ஆளை அனுப்புவது பாவம். ஆனால் ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லுங்கள்: முறித்துத் தள்ளக் கூடாது, முண்டோடு பெயர்க்க வேண்டும். முறித்துத் தள்ளினால் நிலம் அன்று மாலை சுத்தமாகத் தெரியும், அடுத்த ஆடியில் பழையபடி நிற்கும். பெயர்த்த மண்ணில் விதை மேலே வந்து முளைக்கும் என்பதால் அதற்கடுத்த மழையில் கன்று பிடுங்க ஆள் ஏற்பாடு செய்துகொண்டே ஜேசிபியை அழையுங்கள். ஏரிக்கரை, கால்வாய்க் கரை அருகில் இயந்திரம் வேண்டாம். கரை பலமிழந்தால் ஊருக்கே ஆபத்து.

கட்டையில் மருந்து பூசலாமா? மண்ணெண்ணெய், உப்பு, ஆசிட் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

உப்பும் ஆசிடும் மண்ணெண்ணெயும் கூடவே கூடாது. கட்டை சாவதற்கு முன் மண் சாகும். கடலோர வட்டங்களில் நிலத்தடி நீர் ஏற்கெனவே உவர்ந்துகொண்டிருக்கிறது, நாமும் உப்பைக் கொட்டுவதா?

களைக்கொல்லியை வெட்டிய கட்டையில் தூரிகையால் பூசும் முறை உலகெங்கும் இருக்கிறது. வெட்டிய சில நிமிடங்களுக்குள், பட்டையை ஒட்டிய ஈரமான வளையத்தில் பூசினால்தான் வேருக்கு இறங்கும். காய்ந்த கட்டையில் பூசுவது வீண். ஆனால் இந்த வேலைக்குப் பரவலாகச் சொல்லப்படும் கிளைபோசேட்டை, பதிவுபெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. கடையில் வாங்கி வந்து காவலாளியிடம் கொடுத்துத் தெளிக்கச் சொல்லாதீர்கள். கிணறும் ஏரியும் குட்டையும் பக்கத்தில் இருக்கும் நம் நிலங்களில் கடப்பாரைதான் என் தேர்வு. கூலி அதிகம், ஆனால் தண்ணீரில் எதுவும் கலக்காது.

எந்த மாதத்தில் தொடங்குவது?

காய் முற்றுவதற்கு முன். மாதத்தைவிட இது முக்கியம். முற்றிய காயோடு மரத்தைச் சாய்த்தால் அதுவே விதைப்பாகிவிடும். அப்படி நேர்ந்தால் காய்களை முதலில் பறித்துச் சாக்கில் கட்டுங்கள்.

மற்றபடி நம் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் நாட்காட்டி. ஐப்பசி, கார்த்திகையில் மண் இளகியிருக்கும்போது கன்று பிடுங்குவதும் பட்டை உரிப்பதும் எளிது. பெரிய மரம் தோண்டுவதையும் இயந்திர வேலையையும் தை முதல் பங்குனிக்குள் முடிக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் பெயர்த்த முண்டுகள் நன்றாகக் காயும், அதுவும் நல்லதே.

வெட்டிய குப்பையை அங்கேயே கொளுத்திவிடலாமா?

வேண்டாம். நாற்றங்காலில் சவுண்டல் விதையை முளைக்கவைக்க வெந்நீரில் போடுவார்கள், தோல் இளக வேண்டுமே. தீயின் சூடு மண்ணுக்குள் இருக்கும் விதைக்கு அதே வேலையைச் செய்யும். காயில்லாத சவுண்டல் தழையைத் தென்னைப் பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள், தழைச்சத்து உள்ள இலை.

ஆடு விட்டால் தின்று தீர்த்துவிடாதா?

சவுண்டல் கன்றுகளை ஆடு விரும்பித் தின்னும், கட்டுப்படுத்த ஓரளவு உதவும். ஆனால் அதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. ஆடு மாடுகளின் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குதிரை, பன்றி, கோழிக்குக் கொடுக்கவே கூடாது. சீமைக் கருவேலத்தில் கதை தலைகீழ். இனிப்பான நெற்றை ஆடு மாடு தின்னும், விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, எரு கிடைத்த மகிழ்ச்சியில் முளைக்கும். நெற்று உதிரும் காலத்தில் அங்கே மேய்ந்த மந்தையை நீங்கள் சுத்தம்செய்த நிலத்தில் கிடை போட விடாதீர்கள்.

சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுத்துவிடும் என்கிறார்களே?

அது வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை. எந்த மரமும் மழையைத் தடுக்காது. ஆழமாக வேர் விட்டு நிலத்தடி நீரை எடுக்கும், அடியில் வேறு செடியை வளரவிடாது, ஏரியின் கொள்ளளவைக் குறைக்கும். அகற்றுவதற்கு இந்த உண்மைகளே போதும்.

வெட்ட அனுமதி வாங்க வேண்டுமா?

முதலில் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து, மரம் நிற்பது உங்கள் எல்லைக்குள்தானா என்று பாருங்கள். வேலிகாத்தான் பெரும்பாலும் எல்லையைத் தாண்டிப் புறம்போக்கிலும் ஏரிக்குள்ளும் தொடர்ச்சியாக நிற்கும். அங்கே ஒரு மரத்தைத் தொட்டாலும் அது அரசின் சொத்து. கிராம நிர்வாக அலுவலரிடம் பேசி, தேவையானால் வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நடுவில் சந்தனமோ பனையோ நின்றால் அவற்றைத் தொடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும்.

அரசும் சும்மா இல்லை. அயல் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கென்று 2022இல் தமிழ்நாடு ஒரு கொள்கையை வெளியிட்டது. முதுமலையில் வெட்டிய மஞ்சள் கொன்றையைக் காகிதக்கூழுக்காகத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் எடுத்துக்கொள்கிறது.

விறகு வியாபாரி இலவசமாக வெட்டிக்கொள்கிறேன், கையில் பணமும் தருகிறேன் என்கிறார். விடலாமா?

அவருக்கு வேண்டியது மரத்தின் மேல் பகுதி. கட்டை துளிர்த்தால் இரண்டு மூன்று ஆண்டில் மீண்டும் வெட்டலாம் என்பதால் முண்டைத் தோண்டுவதில் அவருக்கு ஆதாயமில்லை. கரிமூட்டக்காரர்களும் அப்படித்தான். முண்டோடு எடுப்பதையும் கடைசித் தவணையை முண்டு எடுத்த பிறகே கணக்குத் தீர்ப்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. இந்த மாவட்டங்களில் மரம் வெட்டும் வேலைக்கு அதிகம் வருபவர்கள் இருளர் குடும்பங்கள். சில ஆயிரம் முன்பணம் கொடுத்து, அதைக் கழிக்க விடாமல் ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்டு வேலை வாங்கும் கொடுமை இந்தத் தொழிலில் நடந்திருக்கிறது. 2019இல் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை வருவாய்த்துறை அதிகாரிகள் மீட்டார்கள். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது. உங்கள் நிலத்துக்கு வருபவர்கள் யார், அவர்கள் கைக்கு நேரடியாக எவ்வளவு கூலி போகிறது, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று நீங்களே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் இருக்கிறது. தடித்த செருப்பு, கையுறை, குடிநீர், வேலைக்கு முன் டெட்டனஸ் ஊசி ஆகியவை உங்கள் செலவு. புதருக்குள் கண்ணாடி விரியன் இருக்கும். அருகில் பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்று தெரிந்துவைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

மரத்தில் கூடுகள் இருக்கின்றன.

அப்படியானால் நிறுத்துங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலியைச் சுற்றிய ஊர்களில் கொக்கும் நாரையும் வேலிகாத்தான் மேலும் கூடு கட்டும். அவற்றுக்கு அது எந்த நாட்டு மரம் என்ற கவலை இல்லை. குஞ்சு பறந்து போகும்வரை பொறுங்கள். பறவைகள் ஆண்டுதோறும் வரும் இடமானால் பாதி மரங்களை விட்டுவைத்து, பக்கத்தில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நட்டு, அவை உயர்ந்த பிறகு மீதியை எடுங்கள்.

வெட்டிய இடத்தில் என்ன நடுவது?

நிழல் தருவதை. இந்த அயல் கன்றுகள் வெயில் விரும்பிகள். கூரைபோல் நிழல் மூடிவிட்டால் பெரும்பாலானவை தாமாகவே ஒடுங்கும். புங்கன், நாவல், வேம்பு, இலுப்பை வேகமாகவோ நிதானமாகவோ அந்த வேலையைச் செய்யும். இடையிடையே இந்தச் சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைக்காட்டு மரங்களான வீரை, உலக்கைப் பாலை, காயா, களா ஆகியவற்றை வையுங்கள். இவை மெதுவாக வளரும். ஆனால் கோடையிலும் பசுமை மாறாது, புயலையும் தாங்கும். கிண்டி தேசியப் பூங்காவில் நடந்து பாருங்கள், நகருக்கு நடுவில் அந்தக் காட்டின் மிச்சம் இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் நட்டால் பருவமழையே பாதி தண்ணீரை ஊற்றிவிடும்.

பூ வேண்டும் என்பதில் தவறே இல்லை. மஞ்சளுக்குச் சரக்கொன்றையும் பூவரசும், சிவப்புக்குக் கல்யாண முருங்கையும் புரசும், ஊதாவுக்குப் பூமருதும் இருக்கின்றன. நர்சரியில் கொன்றை என்று சொல்லிக் கொடுப்பதை இலையைப் பார்த்தே வாங்குங்கள்.

நாங்கள் சுத்தம் செய்தாலும் பக்கத்து நிலத்துக்காரர் வெளியூரில் இருக்கிறார். அங்கிருந்து விதை வந்துகொண்டே இருக்குமே?

வரும். அவரைத் தொலைபேசியில் பிடித்து, எல்லையோர வரிசையை மட்டும் காய்க்கும் முன் வெட்ட அனுமதி கேளுங்கள். பெரும்பாலானவர்கள், செலவு உங்களுடையது என்றால் சம்மதிப்பார்கள். அனுமதியை எழுத்தில், குறைந்தது செல்பேசிச் செய்தியாகவாவது வாங்கிவையுங்கள். சம்மதிக்கவில்லையென்றால் உங்கள் பக்கத்தில் எல்லையை ஒட்டி முப்பது அடிக்குப் புங்கனும் நொச்சியும் நெருக்கமாக வைத்து, அந்த முப்பது அடியில் மட்டும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கன்று பிடுங்குங்கள். சவுண்டல் விதை பெரும்பாலும் மரத்தடியிலேயே விழும், தொலைவுக்குப் பறக்காது. மேட்டிலிருந்து உங்கள் நிலத்துக்கு ஓடிவரும் வாய்க்கால் இருந்தால் அதன் வாயில் வண்டல் தேங்கும் இடத்தையும் பாருங்கள், முதல் முளை அங்கேதான் தெரியும்.